கழற்றினார், பூட்டினார், கற்றார்!



கம்ப்யூட்டர் பிரிவில் படிக்கிறவன் ஆண்டு மலருக்கு என்ன எழுதுவான்? மெஷின் ஆன் ஆகலையா, இதைப் பாரு. திரை இருட்டா கிடக்கா, அதைப் பாரு என்று ஒரு பட்டியல் போடுவான். அந்தப் பட்டியலும் இதில் வரும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மேசைக் கம்ப்யூட்டர் நம்ம நாகர்கோவில் பக்கம் எட்டிப் பார்ப்பதற்கு ரொம்ப வருஷம் முன்பே மறைந்துவிட்டவர் அவர். இருந்தாலும், பழுது பார்ப்பது என்றால் என்ன என்பதை எனக்கு விளங்க வைத்தது அவருடைய வாழ்க்கைதான். அவர்தான் கோயமுத்தூர் ஜி.டி. நாயுடு.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893-ஆம் ஆண்டு மார்ச் 23 அன்று, கோவைக்கு அருகே கலங்கல் என்ற கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒட்டவில்லை. சீக்கிரமே படிப்பு நின்றுபோனது. சர்ட்டிபிகேட் என்று சொல்லிக்கொள்ள கையில் ஒன்றும் கிடையாது.

வாலிப வயதில் ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். ரட்ஜ் கம்பெனி வண்டி. மாடும் இல்லாமல், மிதிக்கவும் செய்யாமல் இது எப்படி ஓடுகிறது? அந்தக் கேள்வி அவரை விடவில்லை. ஊரை விட்டுக் கோவைக்கு வந்து ஒரு ஓட்டலில் சப்ளையர் சோலிக்குச் சேர்ந்தார். அரையும் காலுமாகச் சேர்த்து, சுமார் 300 ரூபாய் தேறியதும் அந்த வண்டியையே விலைக்கு வாங்கிவிட்டார்.

தோழர்களே, இந்த இடத்தை நாம் கவனிக்க வேண்டும். வருஷக்கணக்கில் எச்சில் இலை எடுத்து வாங்கிய வண்டி. நாமாக இருந்தால் என்ன செய்வோம்? ஊரைச் சுற்றுவோம். அவரோ அதைக் கழற்றிப் போட்டார்! ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, பார்த்து, திரும்பப் பூட்டினார். மறுபடியும் கழற்றினார். எந்தப் பாகம் எதற்காக இருக்கிறது, எது இல்லாவிட்டால் எது நிற்கும் என்பது கைக்குப் பழகும்வரை அதே வேலைதான். அவருக்குப் பாலிடெக்னிக்கும் பாடப்புத்தகமும் லேப் ரெக்கார்டும் எல்லாமே அந்த ஒரு வண்டிதான். மெக்கானிக் ஆனது அப்படித்தான்.

பிறகு பஞ்சுத் தொழிலில் இறங்கினார். பணம் வந்தது, பம்பாய் வரைக்கும் போய் அந்தப் பணத்தை இழந்தும் வந்தார். அதோடு ஒடுங்கிவிடவில்லை. கோவையில் தொழில் நடத்திய ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு 1920-இல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். நம்ம நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் போகிற தூரம் இருக்கும். அந்த ஒற்றை பஸ்தான் யு.எம்.எஸ். என்ற யுனிவர்சல் மோட்டார் சர்வீஸாக வளர்ந்தது. 1930-களில் அதில் 200-க்கும் மேற்பட்ட பஸ்கள் ஓடின.

ஒரு பஸ் நின்றால் ஒரு நாள் வசூல் போச்சு. இருநூறு பஸ் என்றால் தினமும் ஏதாவது ஒன்று நிற்கத்தான் செய்யும். ரேடியேட்டர் கொதிக்கும், ஆர்மேச்சர் கருகும். அவர் நடத்திய தொழில்களின் பெயர்களைப் பாருங்கள்: யுனிவர்சல் ரேடியேட்டர் தொழிற்சாலை, கோயமுத்தூர் ஆர்மேச்சர் வைண்டிங் ஒர்க்ஸ். எனக்கு இதில் ஒரு விஷயம் பிடிபடுகிறது. எந்தப் பாகம் அடிக்கடி பழுதாகிறது என்று அறிந்தவனுக்குத்தான் எந்தப் பாகத்தைச் செய்து விற்கலாம் என்பதும் தெரியும். ரிப்பேர் என்பது கீழான வேலை இல்லை மக்கா, அதுதான் உற்பத்தியின் முதல் படி!

அதற்குப் பிறகு நடந்தது ஒருபாடு உண்டு. 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து உள்நாட்டிலேயே மின்மோட்டார் உருவாக்கியது, பேட்டரியில் ஓடும் ரசந்த் சவரக் கருவி, 1941-இல் 70 ரூபாய்க்கு ஐந்து வால்வு ரேடியோ தரலாம் என்று காட்டியது, 1952-இல் 2,000 ரூபாயில் இரண்டு பேர் போகும் கார். இவையெல்லாம் நாம் சின்ன வகுப்பிலேயே கேட்ட சங்கதிகள். நம்மைப் போன்றவர்கள் மறந்துவிடக் கூடாத சங்கதி வேறொன்று இருக்கிறது.

1945-இல் அன்றைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் கோவையில் ஒரு பாலிடெக்னிக்கும் ஒரு என்ஜினீயரிங் கல்லூரியும் தொடங்கக் காரணமாக இருந்தவர் இவர்தான். கல்லூரிக்கு முதல்வராகவும் இருந்தார். பள்ளிப் படிப்பை முடிக்காதவர் என்ஜினீயரிங் கல்லூரிக்கு முதல்வர்! நான்கு வருஷப் படிப்பு காலவிரயம், இரண்டு வருஷமே போதும் என்பது அவர் கட்சி. அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பதவியை விட்டு விலகிவிட்டார். அந்தக் கல்லூரிதான் பின்னாளில் இடம் மாறி, பெயர் மாறி, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆனது. நாயுடு 1974-ஆம் ஆண்டு ஜனவரி 4 அன்று காலமானார்.

அவரைக் காட்டி, படிக்காமலே பெரிய ஆளாகலாம் என்று நம்மில் சில பேர் பேசுவதுண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. படிப்பு வேண்டாம் என்று நினைத்தவர் பாலிடெக்னிக் தொடங்குவாரா? ஒரு வண்டியைக் கழற்றிப் பார்ப்பதற்காக அவர் ஓட்டலில் வருஷக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது. எல்லா ஏழைப் பையனுக்கும் அது முடியுமா? கழற்றிப் பார்க்க ஒரு மெஷினும், பக்கத்தில் நின்று சொல்லித்தர ஒரு ஆளும் எல்லாருக்கும் கிடைக்கிற இடம்தான் பாலிடெக்னிக். நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

இனி நம்ம மெஷினுக்கு வருவோம். கம்ப்யூட்டர் நின்றுபோனால் கடையில் என்ன செய்கிறார்கள்? போர்டு போச்சு, மாத்தணும் என்கிறார்கள். மாற்றுவது வேறு, பழுதைக் கண்டுபிடிப்பது வேறு. நாயுடு வண்டியில் செய்ததை நாம் வரிசையாகச் செய்தால் போதும்.

உயிரே இல்லையா? முதலில் சுவர் பிளக்கில் கரண்ட் வருகிறதா, அடுத்து கேபிள், அதற்கடுத்து எஸ்.எம்.பி.எஸ். அதிலிருந்து 12, 5, 3.3 வோல்ட் சரியாக வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். அந்தப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டர் ஷாக் அடிக்கும்.

பீப் சத்தம் வருகிறது, திரையில் ஒன்றும் இல்லையா? கரண்டைத் துண்டித்து, ரேமைக் கழற்றி, அதன் தகட்டு முனைகளை ரப்பரால் பைய துடைத்துத் திரும்ப மாட்டுங்கள். குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்க்காரர்கள் இதை மறக்கவே கூடாது. உப்புக் காற்று வீட்டு ஜன்னல் கம்பியை என்ன செய்கிறதோ, அதையே உள்ளே இருக்கும் முனைகளுக்கும் செய்யும்.

கொஞ்ச நேரம் ஓடி, தானாக அணைகிறதா? பிராசஸர் மேலுள்ள ஃபேன் சுற்றுகிறதா, தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ரேடியேட்டர் கொதித்து பஸ் நிற்பதும் இதுவும் ஒரே கதைதான். தேதியும் மணியும் தினமும் பழையபடி ஆகிறதா? போர்டில் இருக்கும் மூன்று வோல்ட் காசு பேட்டரி தீர்ந்திருக்கும். ஹார்டு டிஸ்க்கில் டிக் டிக் சத்தமா? வேறு எதையும் தொடுவதற்கு முன்னால் பைல்களை நகல் எடுத்துவிடுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, ஆன் செய்து பாருங்கள். நாலு பாகத்தை ஒன்றாக மாற்றி மெஷின் ஓடினால், மெஷின் பிழைக்கும். ஆனால் நீங்கள் எதையும் கற்றிருக்க மாட்டீர்கள்.

இத்தனை சொன்ன பிறகும் ஒரு குறை மிச்சமிருக்கிறது. பல லேப்களில் மாணவன் மானிட்டரைத் தொடலாம், பெட்டியின் மூடியைத் தொடக்கூடாது. கெட்டுப்போய்விடும் என்ற பயம். நியாயமான பயம்தான். அதற்கு வழி இருக்கிறது. ஒவ்வொரு கல்லூரியிலும் கழித்துப்போட்ட மெஷின்கள் மூலையில் தூசி படிந்து கிடக்கின்றன. அவற்றில் நாலைந்தை முதலாண்டுத் தம்பி தங்கைகள் இஷ்டம்போல் கழற்றிப் பூட்டுவதற்கென்று ஒதுக்கித் தரும்படி நம் மாணவர் பேரவை முதல்வர் ஐயாவிடம் மனு கொடுக்க வேண்டும். எந்தப் பையனும் அதற்காக 300 ரூபாய் சேர்க்க வேண்டாம். ஒரு திருப்புளி போதும்!