முயலின் முண்ணாணில் விளைந்த மருந்து

நாய் கடித்தவருக்குத் தொப்புளைச் சுற்றி நாள்தோறும் ஊசி ஏற்றிய காலம் உங்களுள் வயது முதிர்ந்தோருக்கு நினைவிருக்கும். அந்த வைத்தியத்துக்கு வழி திறந்தவர் வைத்தியரல்லர். தோல் பதனிடும் தொழிலாளி ஒருவரின் மகனாய்ப் பிறந்து, இரசாயனவியல் கற்ற லூயி பாஸ்டர்.

பிரான்ஸ் தேசத்தின் டோல் நகரில் 1822 டிசம்பர் 27ஆம் திகதி பிறந்தவர், ஆர்புவா என்னும் சிற்றூரில் வளர்ந்தார். 1831இல் விசர் பிடித்த ஓநாயொன்று அப்பகுதியிற் புகுந்து பலரைக் கடித்தது. கடியுண்டவர்களின் புண்ணைக் கொல்லன் பட்டறையிற் பழுக்கக் காய்ச்சிய இரும்பாற் சுட்டார்கள். அன்றைக்கு அதுதான் வைத்தியம். லூயிக்கு அப்போது எட்டு வயது.

பின்னாளில் அவர் பெரும் பேராசிரியரானார். ஆனால் 1859க்கும் 1866க்கும் இடையில் மூன்று பெண்பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தார். இருவரைக் கொண்டுபோனது நெருப்புக்காய்ச்சல். 1868இல் பாரிசவாதம் கண்டு அவரது இடப்பக்கம் வழங்காமற் போயிற்று. இவர் பிள்ளைகளைப் பறிகொடுத்த தகப்பன் என்பதை வாசகர் மறவாதிருக்க வேண்டும்.

1880இல் நீர்வெறுப்பு நோயை ஆராயத் தொடங்கினார். கோழிக் காலராவின் கிருமியையும் அந்திராக்ஸ் கிருமியையும் அவர் சாற்றிலிட்டு வளர்த்திருந்தார். இந்த நோயின் கிருமியோ எந்தச் சாற்றிலும் வளரவில்லை, நுணுக்குக்காட்டியிலும் தென்படவில்லை. அது வைரசு என்பதும், உயிருள்ள கலத்தினுள் மட்டுமே பெருகும் என்பதும் இன்று நமக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. போத்தலில் வளராததை உயிருள்ள உடலில் வளர்ப்போம் என்று துணிந்தார்.

உதவியாளர் எமில் றூவுடன் சேர்ந்து, விசர் கண்ட விலங்கின் மூளைப் பொருளை முயலின் மூளையிற் செலுத்தினார். அம்முயலிலிருந்து அடுத்த முயலுக்கு, அதிலிருந்து இன்னொன்றுக்கு என்று தொடர்ந்தார். நாய்க்கடியால் நோய் காண வாரங்களோ மாதங்களோ ஆகும். இவரது முயல்களிலோ அது ஈற்றில் ஏழு நாளென்று நிலைபெற்றது. இறந்த முயலின் முண்ணாணை எடுத்து, அடியில் எரிபொற்றாசு இட்ட போத்தலுள் நூலிற் கட்டித் தொங்கவிட்டார். ஈரம் வற்ற வற்ற நஞ்சின் வீரியம் தணிந்தது. இரண்டு வாரம் உலர்ந்தது நோயே தராது. அதில் தொடங்கி, நாளுக்கு நாள் புதியதை ஏற்றினால் உடல் பழகிக்கொள்ளும். கடிவாயிலிருந்து நோய் மூளையை அடையுமுன் உடல் தனக்கு அரண் கட்டிவிடும் என்பதே அவர் கணக்கு.

1885 யூலை 6ஆம் திகதி, அல்சாஸ் பகுதியிலிருந்து ஒன்பது வயது யோசப் மைஸ்டரைத் தாய் அழைத்து வந்தாள். உடம்பில் 14 காயங்கள். ஊசி போடும் உரிமை பாஸ்டருக்கு இல்லை. வைத்தியர் வுல்பியானிடமும் கிராஞ்சேயிடமும் ஆலோசித்தார். கிராஞ்சே ஊசி ஏற்றினார். பத்து நாளில் 13 ஊசிகள். கடைசியில் ஏற்றியது கொடிய வீரியமுள்ளது. பாஸ்டருக்கு உறக்கம் வரவில்லை. சிறுவன் பிழைத்தான்.

இனிச் சொல்வதை மறைக்க மனம் ஒப்பவில்லை. பாஸ்டரின் ஆய்வுக் குறிப்பேடுகள் 1970களில் ஆய்வாளருக்குக் கிடைத்தன. சிறுவனுக்குக் கையாண்ட முறை நாய்களில் முற்றாகச் சோதித்து முடிக்கப்படவில்லை என்பதை அவை காட்டின. அதற்கு முன்பே அவர் இருவருக்கு ஊசி ஏற்றுவித்திருந்தார். அவர்களுள் ஒரு சிறுமி இறந்தாள். இவற்றை அவர் வெளியிடவில்லை. அது குறையே. ஆயினும் அந்தத் தாயைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அதே ஆண்டு நவம்பரில், கடியுண்டு 37 நாள் கழித்து லூயிஸ் பெல்த்தியே என்னும் பத்து வயதுச் சிறுமி கொண்டுவரப்பட்டாள். காலம் கடந்துவிட்டதென்றும், அவள் இறந்தால் பழி தம் மருந்தின்மேல் விழுமென்றும் பாஸ்டர் அறிவார். பெற்றோரின் மன்றாட்டை மறுக்க அவரால் இயலவில்லை. அவள் இறந்தாள். அவர் படுக்கையருகே இருந்து அழுதார்.

1886 மார்ச்சில் ஸ்மொலென்ஸ்கிலிருந்து ஓநாய் கடித்த 19 ருசியர் வந்தனர். 16 பேர் உயிரோடு திரும்பினர். பொதுமக்களின் நன்கொடையால் 1888இல் பாரிஸில் பாஸ்டர் நிறுவனம் எழுந்தது. முயலுக்குப் பின் செம்மறியின் மூளையிலும், பின்னர் ஆய்வுகூடத்துக் கலவளர்ப்பிலும் அந்த வைரசை வளர்த்தார்கள். இன்று கையில் ஏற்றும் சில ஊசிகளே போதும்.

அவர் சொன்னதாக வழங்கும் பக்தி வசனங்கள் பலவற்றுக்கு ஆதாரமில்லை. ஆகவே இங்கே தரவில்லை. 1895 செப்டெம்பர் 28இல் அவர் இறந்தபோது ஒரு கை மனைவியின் கைக்குள்ளும், மறு கை பாடுபட்ட சுரூபத்தைப் பற்றியும் இருந்ததாக மருமகன் எழுதியுள்ளார். நோத்ருதாம் பேராலயத்தில் இறுதிச் சடங்கு நடந்தது. நிறுவனத்தின் நிலவறையில் துயில்கிறார். அந்நிறுவனத்தின் வாயிற்காவலராக, 1940இல் தாம் இறக்கும்வரை இருந்தவர் யோசப் மைஸ்டர்.