வைத்தியர் சமுவேல் பிஸ்க் கிறீன் (1822 – 1884)

முகாமைத்துவம் என்றதும் தொழிற்சாலை, வங்கி, கம்பனி என்பனவே மாணவர் பலருக்கு நினைவில் வருகின்றன. வைத்தியசாலையும் பாடசாலையும் கூட முகாமை செய்யப்பட வேண்டியவையே. தகுந்த ஆட்களைத் தெரிந்தெடுத்தல், பயிற்றுதல், வேலையைப் பகிர்ந்தளித்தல், செய்த வேலையைச் சோதித்தல், பயிற்றியவர்களை விட்டுப்போகாமல் வைத்திருத்தல் ஆகிய யாவும் அங்கும் உண்டு. இவற்றுள் கடைசியாகச் சொன்னதே மிகவும் கடினமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் ஒரு மருந்துச்சாலையையும் ஒரு மருத்துவப் பள்ளியையும் ஒன்றாக நடத்திய அமெரிக்கர் ஒருவர் இந்தச் சிக்கலுக்கு முகங்கொடுத்த விதத்தை இப்பாடத்தில் நோக்குவோம்.

சமுவேல் பிஸ்க் கிறீன் 1822 ஒக்டோபர் 10 ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில், கிறீன் ஹில் என்ற குடும்பக் காணியில் பிறந்தார். பிள்ளைகள் நிறைந்த பெரிய குடும்பம். அவருடைய தமையனார் அன்ட்ரூ ஹாஸ்வெல் கிறீன் பிற்காலத்தில் நியூயோர்க் நகரின் புகழ்பெற்ற மத்திய பூங்காவை உருவாக்குவதில் முன்னின்றவர். தம்பியோ நியூயோர்க்கில் மருத்துவம் பயின்று 1845 இல் பட்டம் பெற்றதும் வெளிநாட்டு மிசன் சேவையைத் தெரிந்துகொண்டார். 1847 இல் கப்பலேறி அவ்வாண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 25.

இவருக்கு முன்பும் அமெரிக்க மிசன் வைத்தியர்கள் இங்கு இருந்தனர். ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பிலும், அவருக்குப் பின் நேதன் வார்ட் வட்டுக்கோட்டையிலும் பணியாற்றினர். வார்ட்டின் இடத்துக்கே கிறீன் வந்தார். முதலில் வட்டுக்கோட்டையில் தங்கியவர் 1848 இல் மானிப்பாய்க்கு மாறினார். அன்று தொடக்கம் மானிப்பாயே அவருடைய களம் ஆயிற்று.

குடாநாடு முழுவதற்கும் மேனாட்டு மருத்துவம் கற்ற வைத்தியர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற காலம் அது. வந்து குவியும் நோயாளிகளை ஒருவர் தனித்துப் பார்த்து முடிக்க இயலாது என்பதைக் கிறீன் விரைவிலேயே உணர்ந்தார். அவ்வாறு உணரும் பலர் இன்னொரு வைத்தியரை அனுப்பும்படி தலைமையகத்துக்கு எழுதிவிட்டுக் காத்திருப்பர். கிறீன் செய்தது வேறு. 1848 இலேயே மூன்று மாணவரைச் சேர்த்துக்கொண்டு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார்.

இங்கு வகுப்பறையும் மருந்துச்சாலையும் பிரிந்திருக்கவில்லை. புத்தகத்தில் படித்ததை மாணவர் நோயாளியிடம் நேரில் கண்டனர். மருந்து கலந்தனர், காயம் கட்டினர், சத்திரசிகிச்சையின்போது ஆசிரியருக்குத் துணைநின்றனர். படிப்பவரே பணியாளர், பணியாளரே படிப்பவர் என்ற ஏற்பாடு அது. இன்றைய போதனா வைத்தியசாலை என்ற சொல்லின் பொருளும் இதுதான். 1850 இல் அரச அதிபர் பேர்சிவல் அக்லண்ட் டைக் முன்னின்று யாழ் நகரில் வைத்தியசாலை ஒன்றை ஆரம்பித்தார். இன்றைய யாழ். போதனா வைத்தியசாலையின் தொடக்கம் அதுவே. கிறீனிடம் பயின்றோர் அங்கும் பணிபுரிந்தனர்.

டான்போர்த், எவார்ட்ஸ், கூல்ட், மில்ஸ், சாப்மன், போல் என்று கிறீனின் மாணவர் பெயர்களைப் படிக்கும்போது இவர்களும் அமெரிக்கரோ என மாணவர் மயங்கக்கூடாது. இவர்கள் யாழ்ப்பாணத் தமிழர். மிசன் பாடசாலைகளில் சேர்ந்த பிள்ளைகளுக்கு அமெரிக்காவிலிருந்து பணம் உதவியோரின் பெயர்களை இடும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. சாப்மன் என்பவரின் தமிழ்ப்பெயர் வைத்திலிங்கம்.

பயிற்றியவர் நிலைக்கவில்லை

முதல் வகுப்புகள் ஆங்கிலத்தில் நடந்தன. பாடநூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன, வட்டுக்கோட்டை செமினரியில் கற்று ஆங்கிலம் தெரிந்த இளைஞரும் கிடைத்தனர். ஆகவே அதுவே இலகுவான வழியாகத் தோன்றியது. ஆனால் சில ஆண்டுகளில் ஒரு குறை தெரியவந்தது. ஆங்கிலத்தில் மருத்துவம் கற்றவர் கிராமத்தில் தங்கவில்லை. அரசாங்க உத்தியோகமும் மலைநாட்டுத் தோட்டங்களும் கூடிய சம்பளத்துடன் அவர்களை அழைத்தன. கிறீன் பல ஆண்டுகள் செலவிட்டு ஒருவரை உருவாக்க, அவர் தேர்ச்சி பெற்றதும் குடாநாட்டை விட்டுச் சென்றார்.

அவர்களைக் குறை கூறுவதில் நியாயமில்லை. நல்ல சம்பளம் கிடைக்கும் இடத்துக்கு எவரும் போவர். இன்றும் கஷ்டப் பிரதேசப் பாடசாலைக்கு ஆசிரியரையும் கிராமிய வைத்தியசாலைக்கு டொக்டரையும் அனுப்பி, அங்கேயே இருக்கச் செய்வது எத்தனை சிரமமானது என்பது மாணவர் அறியாததன்று. கிறீனும் போனவரைத் திட்டிக்கொண்டிருக்கவில்லை. தாம் கொடுக்கும் பயிற்சியே அவர்களை வெளியே தள்ளுகிறதா என்று சிந்தித்தார். இந்தச் சிந்தனையே அவரது வாழ்க்கையின் திருப்புமுனை என்பது எமது கருத்து.

மிசனும் அதே காலத்தில் இதே பிரச்சினையைப் பெரிய அளவில் கண்டது. 1823 இல் தோன்றிப் புகழுடன் விளங்கிய வட்டுக்கோட்டை செமினரி 1855 இல் மூடப்பட்டமைக்கு, அங்கு ஆங்கிலம் கற்றோர் மிசன் பணியை விட்டு உத்தியோகம் தேடியமையும் ஒரு காரணமாகும். செமினரியை மூடியது சரியா பிழையா என்பது வேறு விவாதம். கிறீன் தமது பள்ளியை மூடவில்லை. அதன் மொழியை மாற்றத் தீர்மானித்தார்.

1857 இல் அவர் விடுமுறையில் அமெரிக்கா சென்றார். ஏறக்குறைய ஐந்தாண்டுகள் திரும்பவில்லை. இதைச் சோதனைக்காலம் என்றே கொள்ளலாம், ஏனெனில் தலைவர் இல்லாத காலத்தில்தான் ஒரு பணிக்குழுவின் உண்மையான தரம் வெளிப்படும். மானிப்பாய் மருந்துச்சாலைப் பணியை அவரிடம் பயின்றோரே கொண்டு நடத்தினர். 1862 இல் கிறீன் மார்கரெட் வில்லியம்ஸ் என்பவரை மணந்து, அவ்வாண்டே மனைவியுடன் யாழ்ப்பாணம் திரும்பினார். 1864 இல் தமிழ்மொழி மூல மருத்துவ வகுப்பு ஆரம்பமாயிற்று.

இம்மாற்றத்தை எல்லோரும் கைதட்டி வரவேற்றனர் என்று எழுதினால் அது உண்மையாகாது. ஆங்கிலத்துக்குத்தான் உத்தியோகம் கிடைக்கும், தமிழில் மருத்துவம் கற்று எங்கே போவது என்ற கேள்வி மாணவரிடமும் பெற்றோரிடமும் இருந்தது. கிறீனுக்கோ அவர்கள் எங்கும் போகாமல் ஊரில் இருப்பதே தேவையாக இருந்தது. ஒரே பயிற்சியை நிறுவனம் ஒரு கண்ணாலும் பயில்பவர் இன்னொரு கண்ணாலும் பார்ப்பதற்கு இது நல்ல உதாரணம். தம் மாணவர் உடையிலும் பழக்கவழக்கத்திலும் ஐரோப்பியராக மாறாமல் தமிழராகவே இருக்கவேண்டும் என்பதிலும் அவர் உறுதியாக நின்றார். ஊர்மக்கள் நம்பி வரக்கூடிய வைத்தியர் அவர்களில் ஒருவராகவே தோன்றவேண்டும் என்பது அவரது எண்ணம்.

புத்தகமும் ஒரு குழுவேலை

தமிழில் கற்பிப்பதென்றால் தமிழில் நூல் வேண்டும். அது இருக்கவில்லை. கிறீன் முன்னரே இவ்வேலையைத் தொடங்கியிருந்தார். கல்வின் கற்றர் என்ற அமெரிக்கரின் உடலமைப்பு, உடற்றொழில், சுகாதாரம் பற்றிய நூலும், மோன்செல் என்பவரின் பிரசவ வைத்திய நூலும் 1857 இல் தமிழில் வெளிவந்தன. பின்னர் 1867 இல் இரண வைத்தியம், 1872 இல் மனுஷ அங்காதிபாதம், அதே ஆண்டில் வைத்தியாகரம், 1875 இல் கெமிஸ்தம் என நூல்கள் தொடர்ந்தன. மனுஷ அங்காதிபாதம் என்பது இன்றும் உலகெங்கும் மருத்துவ மாணவர் அறிந்த கிறேயின் உடலமைப்பு நூல். அது இலண்டனில் முதன்முதல் அச்சானது 1858 இல். 14 ஆண்டுகளில் அது தமிழுக்கு வந்துவிட்டது.

இத்தனை வேலையை ஒருவர் இரவில் விழித்திருந்து செய்துமுடித்தார் என நினைக்கவேண்டாம். டான்போர்த், சாப்மன், போல் முதலிய பழைய மாணவர்களே மொழிபெயர்ப்பில் பெரும்பங்கு ஏற்றனர். அவர்கள் மொழிபெயர்த்ததைக் கிறீன் பார்த்துத் திருத்தினார். தமிழ் பிறவிமொழியாக உடையவர் ஒரு பக்கம், மருத்துவத்தை ஆழக் கற்றவர் இன்னொரு பக்கம். இரண்டில் எது குறைந்தாலும் நூல் பயன்படாது போயிருக்கும்.

கலைச்சொல் விடயத்தில் அவர்கள் ஒரு ஒழுங்கைக் கடைப்பிடித்தனர். முதலில் பொருத்தமான தமிழ்ச்சொல்லைத் தேடுவது. கிடையாதபோது வடமொழியை நாடுவது. அதுவும் உதவாதபோது ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு ஏற்ப எழுதிக்கொள்வது. கெமிஸ்தம் என்ற சொல் மூன்றாவது வழியில் பிறந்தது. நாம் இன்று இரசாயனவியல் என்கிறோம். அங்காதிபாதம் என்பதை உடலமைப்பியல் என்றும் சுகரணம் என்பதை உடற்றொழிலியல் என்றும் படிக்கிறோம். சொற்கள் மாறிவிட்டன, சில எமக்கு விநோதமாகவும் தோன்றும். ஆயினும் 1950களில் அரசகரும மொழித் திணைக்களத்தார் பாடநூல்களுக்காகக் கலைச்சொற்றொகுதிகள் ஆக்கப் புகுந்தபோது எதிர்கொண்ட அதே கேள்விகளை மானிப்பாயிலிருந்த இச்சிறு குழு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்பே எதிர்கொண்டு, சொற்பட்டியல்களையும் அச்சிட்டு வைத்திருந்தது.

1866, 1867 ஆம் ஆண்டுகளில் குடாநாட்டில் வாந்திபேதி பரவி ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அவ்வேளையில் தமிழில் பயின்ற வைத்தியர் ஊருக்குள் இருந்தமையின் பெறுமதியை விளக்கவேண்டியதில்லை.

கிறீனின் பணியில் மதம் மாற்றும் நோக்கம் இருந்தது. மருந்துக்கு வந்தோர் வேதப்பிரசங்கமும் கேட்கவேண்டியிருந்தது. கிறீன் பிறந்த அதே 1822 ஆம் ஆண்டில் நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் மிசனரிமாரின் இப்பணியை எதிர்த்துச் சைவப் பாடசாலைகளை நிறுவினார் என்பதையும் மாணவர் சேர்த்துப் படித்தல் நன்று. இருவரும் எதிரெதிர்த் திசையில் நின்றனர். ஆனாலும் பிள்ளைகளுக்குத் தமிழ் உரைநடையில் பாடநூல் எழுதவேண்டும் என்பதில் இருவரும் ஒரே வேலையைச் செய்தனர். எமது சித்த வைத்தியத்தைக் கிறீன் போதிய அளவு மதிக்கவில்லை என்ற குறையும் உண்டு. ஊரில் தலைமுறை தலைமுறையாக வந்த வைத்தியரையும் தம் குழுவுக்குள் கொண்டுவந்திருந்தால் அவருடைய வேலை இன்னும் வேரூன்றியிருக்கும் என்றே தோன்றுகிறது.

உடல்நலம் குன்றியமையால் 1873 இல் அவர் யாழ்ப்பாணத்தை விட்டு நிரந்தரமாக அமெரிக்கா திரும்பினார். அதுவரை அவரது பள்ளியில் 60 பேருக்கு மேல் வைத்தியராகப் பயின்றிருந்தனர். அவர்களுள் அரைவாசிக்கு மேற்பட்டோர் தமிழில் கற்றோர். ஆனால் 1870 இல் கொழும்பில் அரசாங்க மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் தொடங்கிவிட்டது. உத்தியோகமும் அங்கீகாரமும் அதன் பக்கமே இருந்தன. கிறீன் சென்று சில ஆண்டுகளில் மானிப்பாயின் தமிழ் மருத்துவ வகுப்பு நின்றுபோயிற்று. 1857 இல் அவர் போனபோது ஐந்தாண்டுகள் பணியைத் தாங்கிய குழு, இம்முறை ஏன் வகுப்பைத் தாங்கவில்லை என வகுப்பில் மாணவர் கேட்பதுண்டு. நோயாளிகள் மருந்துச்சாலையை எப்போதும் தேடி வருவர், ஆகவே அது நிலைக்கும். வகுப்புக்கோ மாணவர் வரவேண்டும், மாணவர் வேலை கிடைக்கும் இடத்தையே பார்ப்பர். குழுவில் திறமை குறைந்திருக்கவில்லை.

வூஸ்ரரில் நோயாளியாக இருந்தபடியே அவர் தமிழ் வேலையைத் தொடர்ந்தார். டோல்ற்றன் என்பவரின் உடற்றொழில் நூல் மனுஷ சுகரணம் என்ற பெயரில் 1883 இல் நாகர்கோவிலில் அச்சேறியது. 1884 மே 28 ஆம் திகதி, தாம் பிறந்த கிறீன் ஹில் வீட்டிலேயே கிறீன் காலமானார். இந்து பதார்த்த சாரம் என்ற மருந்து நூல் வெளிவந்ததும் அவ்வாண்டில்தான். மானிப்பாய் வைத்தியசாலை அவர் பெயரால் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை என அழைக்கப்படலாயிற்று. வூஸ்ரரிலுள்ள அவரது கல்லறையில், அவர் விரும்பிக் கேட்டபடி, தமிழருக்கு வைத்திய ஊழியராக இருந்தவர் என்ற செய்தி பொறிக்கப்பட்டுள்ளது.