வண்டியைத் திருத்திய அப்பா

கார் வளைவில் திரும்பும்போது இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வழிவிடுவது டிஃபரன்ஷியல். வகுப்பில் எனக்கு அது வெறும் பல்சக்கரக் கணக்கு. ஜேம்ஸ் ஸ்டார்லியைப் பற்றித் தெரிஞ்சுக்கிட்ட பிறகு, அதுல ஒரு அப்பாவும் மகனும் தெரியுறாங்க.

1830இல் இங்கிலாந்தில் விவசாயி மகனாகப் பிறந்தவர் ஸ்டார்லி. முதலில் தோட்டக்காரர். தையல் மிஷினைப் பழுது பார்த்த கைத்திறன் அவரைக் கோவென்ட்ரி நகருக்குக் கொண்டு சேர்த்தது. அங்கே சைக்கிள் செய்யத் தொடங்கினார். செஞ்சதோட நிற்கல, நண்பர் ஹில்மனோடு லண்டனிலிருந்து கோவென்ட்ரி வரை ஒரே நாளில் மிதிச்சே வந்தார்.

பிறகு, இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் வண்டி. ஆளுக்கு ஒரு சக்கரம். மகன் வில்லியமோடு ஓட்டிப் பார்த்தார். இருவர் பலமும் ஒன்றல்லவே! வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. ஸ்டார்லி மகனைத் திருத்தவில்லை, வண்டியைத் திருத்தினார். 1877இல் டிஃபரன்ஷியல் கியரை அதில் பொருத்தினார். விக்டோரியா மகாராணியே அவருடைய மூன்று சக்கர வண்டிகளை வாங்கினார்.

1881இல் ஸ்டார்லி மறைந்தார். மகன்கள் தொழிலைத் தொடர்ந்தார்கள்.

நம்ம வீட்டிலும், இயக்கத்திலும் எல்லாரும் ஒரே வேகத்தில் மிதிக்க மாட்டாங்க. அதற்காக யாரையும் இறக்கி விடணுமா, நண்பர்களே?