எல்லை கண்ட ஏந்தல் ஹேட்ரியன்

நாடுகளை வென்றோரை உலகம் நன்கு அறியும். வென்ற நாட்டைத் திருப்பிக் கொடுக்கத் துணிந்தவரை அது அவ்வளவாக நினைப்பதில்லை. மேலும் மேலும் என்று மண் தேடி அலைந்த மன்னர்களுக்கிடையே, இவ்வளவு போதும் என்று தம் பேரரசுக்கு வரம்பு கட்டிய ஒருவர் உண்டு. அவ்வரம்பைக் கல்லாலேயே கட்டிக் காட்டியவர் அவர். அவர்தாம் உரோமப் பேரரசர் ஹேட்ரியன்.

இளமை

கி.பி. 76ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 24ஆம் நாள் அவர் பிறந்தார். இன்றைய ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியிலிருந்த இத்தாலிக்கா என்னும் நகரமே அவர் குடும்பத்தின் ஊர். பத்து வயதளவில் தந்தையை இழந்த சிறுவனுக்கு, உறவினரான டிராஜன் காப்பாளர்களுள் ஒருவரானார். கிரேக்க இலக்கியத்தில் அவருக்கிருந்த தீராக் காதலைக் கண்டு, குட்டிக் கிரேக்கன் என்று உடன் பயின்றோர் கேலி செய்தனராம். ஆனால் ஏட்டோடு அவர் நின்றுவிடவில்லை. டான்யூபு, ரைன் ஆற்றங்கரைகளில் படைத்தலைவராகப் பணியாற்றினார். எல்லையில் நிற்கும் வீரனின் குளிரையும் பசியையும் அரண்மனைக்கு வருமுன்னரே அறிந்திருந்தார்.

அரியணை

98இல் டிராஜன் பேரரசரானார். டேசியாவை வென்றார், பின்னர் அர்மீனியா, மெசபொடேமியா வரை படை நடத்தினார். உரோமப் பேரரசு அதன் முழு அகலத்தை எட்டியது அப்போதுதான். 117இல் டிராஜன் மறைய, சிரியாவில் ஆளுநராக இருந்த ஹேட்ரியன் 41ஆம் வயதில் அரியணை ஏறினார். டிராஜன் அவரை மெய்யாகவே மகனாக ஏற்றாரா என்ற ஐயம் அன்றே எழுந்தது.

புதிய பேரரசர் முதலில் செய்த செயல் என்ன? யூப்ரடீசு ஆற்றுக்குக் கிழக்கே வென்ற நிலங்களைக் கைவிட்டார்! காக்க முடியாத நிலம் செல்வமன்று, சுமை என்பது அவர் கணிப்பு. தளபதிகள் பலருக்கு இது கசந்தது. ஆட்சிக் கவிழ்ப்புக்கு முயன்றனர் என்ற குற்றச்சாட்டில் செல்வாக்குமிக்க நால்வர் கொல்லப்பட்டனர். அந்தக் கறை இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை. 118இல் மக்கள் கருவூலத்துக்குச் செலுத்த வேண்டிய 90 கோடி செஸ்டர்சு நிலுவையைத் தள்ளுபடி செய்து, கடன் பத்திரங்களைப் பொது மன்றத்தில் எரித்தார்.

சுவர்

தம் 21 ஆண்டு ஆட்சியில் பாதிக்கு மேல் அவர் பயணத்திலேயே கழித்தார். ஒவ்வோர் எல்லையையும் நேரில் கண்டார். படைவீரரோடு நடந்தார், அவர்கள் உண்டதையே உண்டார். செருமானிய எல்லையில் மரவேலி அமைத்த பின், 122இல் பிரிட்டன் தீவை அடைந்தார். அங்கேதான் அவர் பெயரை இன்றுவரை சுமந்து நிற்கும் சுவர் எழுந்தது.

கிழக்கே டைன் ஆற்றங்கரையிலிருந்து மேற்கே சால்வே கழிமுகம் வரை அதன் நீளம் 117 கிலோமீட்டர். ஆளுநர் பிளட்டோரியசு நெப்போசு மேற்பார்வையில் மூன்று லெஜியன் படையினர் அதனைக் கட்டினர். கல் உடைத்ததும் சுண்ணாம்பு நீற்றியதும் வாள் பிடித்த அதே கைகள்தாம்! கிழக்குப் பகுதி கல்லால் எழுந்தது. மேற்குப் பகுதி முதலில் புல்கட்டிகளால் எழுந்து, பின்னர் கல்லாக மாறியது. 3 மீட்டர் அகலத்தில் தொடங்கிய கற்சுவர், பணி நடக்கையிலேயே குறுக்கப்பட்டது. ஒவ்வோர் உரோம மைலுக்கும் ஒரு சிறு கோட்டை, இடையே இரண்டு காவல்கோபுரங்கள், வடபுறம் அகழி, தென்புறம் மண்கரைகளோடு கூடிய மற்றொரு பள்ளம்.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். அந்தச் சிறு கோட்டைகளில் வடக்கு நோக்கி வாயில்கள் இருந்தன. அடைப்பதே நோக்கமாயின் இத்தனை வாயில்கள் எதற்கு? போவோர் வருவோரைக் கண்காணிக்கவும், வரி தண்டவும், திடீர்க் கொள்ளையைத் தடுக்கவுமே சுவர் பயன்பட்டது என்பர் ஆய்வாளர் பலர். எனினும், உழவர் உழுத வயல்களின் மீதே சுவர் சென்றதற்கான ஏர்த்தடங்கள் சில இடங்களில் கிடைத்துள்ளன. பேரரசின் பாதுகாப்புக்கு யாரோ ஓர் ஏழையின் நிலம் விலையாயிற்று.

உலகமே அந்த எல்லையில் கூடியது. சிரியாவின் வில்வீரர் அங்கே காவல் நின்றனர். பல்மைரா நகரத்துப் பராத்தேசு, தான் விடுதலை செய்து மணந்த பிரிட்டானியப் பெண் ரெஜினாவுக்கு டைன் முகத்துவாரத்தருகே நடுகல் எழுப்பி, இலத்தீனுக்குக் கீழே தன் தாய்மொழியிலும் ஒரு வரி பொறித்தான். சுவர் எழுவதற்குச் சற்று முன்னர் விண்டோலாந்தா கோட்டையில் எழுதப்பட்ட மரப்பலகைக் கணக்கொன்றில் மிளகு வாங்கிய செலவு காணப்படுகிறது. நம் சேர நாட்டு மலைச்சரக்கு அந்தப் பனிநாடு வரை சென்றிருக்கிறது!

அந்திமக் காலம்

கலையை வளர்த்த அக்கரம் கொடுமையும் செய்தது. உரோம் நகரின் பாந்தியன் கோயிலைப் புதுக்கி எழுப்பியவர் அவரே. எருசலேமை உரோம நகராக மாற்றி எழுப்ப முனைந்தவரும் அவரே. அதனையொட்டி யூதர்கள் 132இல் கிளர்ந்தெழுந்தனர். 135 வரை நீடித்த போரில் எண்ணற்றோர் மாண்டனர். யூதர்கள் தம் திருநகரில் கால்வைக்கவும் தடை வந்தது. தம் ஆசைக்கு வரம்பு கட்டத் தெரிந்தவர், பிறர் நம்பிக்கையின் வரம்பை மதிக்கத் தவறினார்.

138 சூலை 10ஆம் நாள் நோயுற்று மறைந்தார். அடுத்து வந்த அண்டோனினசு பயசு, வடக்கே மற்றொரு சுவர் எழுப்பினார். இருபது ஆண்டளவில் அது கைவிடப்பட்டது. படைகள் ஹேட்ரியன் வகுத்த கோட்டுக்கே திரும்பின. கி.பி. 410ஐ ஒட்டிப் பிரிட்டனில் உரோம ஆட்சி மறைந்தது. பிற்காலத்தார் கற்களைப் பெயர்த்து வீடும் சாலையும் அமைத்தனர். எஞ்சியதை 1987இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. சுவர் முழுவதும் இன்று இங்கிலாந்துக்குள்ளேயே கிடக்கிறது. எந்த நாட்டுக்கும் அது எல்லையன்று!

மாணவ நண்பர்களே! காவலர் போயினர், பேரரசும் போயிற்று. அகழியில் ஆடுகள் மேய்கின்றன. தனக்குத்தானே இடும் வரம்பு அறிவு. பிறர் வாழ்வின்மீது இடும் வரம்பு ஆணவம். இவ்விரண்டையும் ஒருவரிடத்தே காட்டுவதால்தான் ஹேட்ரியனின் வாழ்வு நாம் பயிலத் தக்கதாகிறது.