கிட்டி கிர்க்பாட்ரிக்

கேத்தரின் அரோரா கிர்க்பாட்ரிக் (ஏப்ரல் 9, 1802 - 1889) ஐதராபாத்தில் பிறந்து, இங்கிலாந்தின் மேல்குடிச் சமூகத்தில் வளர்ந்து வாழ்ந்த பெண்மணி ஆவார். கிட்டி கிர்க்பாட்ரிக் என்ற பெயரிலேயே இவர் பரவலாக அறியப்படுகிறார். பிறந்தபோது இவருக்கு இடப்பட்ட பெயர் நூருன்னிசா; வீட்டில் சாகிப் பேகம் என்று அழைக்கப்பட்டார். தந்தை, ஐதராபாத் நிசாமின் அரசவையில் பிரித்தானியக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடெண்டாக இருந்த ஜேம்ஸ் அக்கிலிஸ் கிர்க்பாட்ரிக். தாய், ஐதராபாத் பிரபுக் குடும்பத்தைச் சேர்ந்த கைருன்னிசா. மூன்று வயதில் சென்னையிலிருந்து கப்பலேறிய கிட்டி, தன் தாயை மீண்டும் பார்க்கவே இல்லை.

எழுத்தாளர் தாமசு கார்லைலின் இளமைக்கால ஈர்ப்புக்கு உரியவர் என்ற அளவிலேயே ஆங்கில இலக்கிய வரலாறுகள் நெடுங்காலம் இவரைக் குறிப்பிட்டு வந்தன. வில்லியம் டால்ரிம்பிள் 2002-இல் வெளியிட்ட "வைட் முகல்சு" என்ற நூலுக்குப் பின்னரே இவரது பெற்றோரின் கதை இந்தியாவில் பரவலாகத் தெரியவந்தது.

குடும்பப் பின்னணி

கிர்க்பாட்ரிக் குடும்பத்தின் வேர் சென்னையில் இருந்தது. கிட்டியின் தாத்தாவான கர்னல் ஜேம்ஸ் கிர்க்பாட்ரிக் சென்னை மாகாணக் குதிரைப்படையில் பணியாற்றியவர். தோற்றப் பொலிவினால் "அழகுக் கர்னல்" என்று அறியப்பட்டவர். இவருக்கு மணவுறவுக்கு வெளியே 1754-இல் பிறந்த மகன் வில்லியம். பின்னர் இவர் சென்னையில் மருத்துவர் ஆண்ட்ரூ மன்றோவின் மகள் கேத்தரினை மணந்தார். அவர்களுக்குப் பிறந்த ஜேம்ஸ் அக்கிலிஸ், ஆகஸ்டு 22, 1764 அன்று புனித ஜார்ஜ் கோட்டையில் பிறந்தார். கேத்தரின் 1766-இல் இறந்துவிட்டார். கிட்டிக்குப் பின்னாளில் இட்ட கிறித்தவப் பெயர் இந்தப் பாட்டியினுடையது.

ஆக வில்லியமும் ஜேம்சும் ஒரு தந்தைக்கு இரு தாயரிடம் பிறந்த சகோதரர்கள். சிறுவயதில் ஒன்றாக வளராத இவர்கள், பெரியவர்களான பின் இந்தியாவில்தான் நெருங்கிப் பழகினர். அந்தப் பிணைப்பு வாழ்நாள் முழுவதும் நீடித்தது. பாரசீகப் புலமை மிக்க வில்லியம், திப்பு சுல்தானின் கடிதங்களை ஆங்கிலத்தில் பெயர்த்து 1811-இல் வெளியிட்டவர். ஐதராபாத்தில் ரெசிடெண்டாக இருந்த இவர் 1797-இல் உடல்நலம் குன்றி விலகவே, தம்பி ஜேம்ஸ் அப்பொறுப்புக்கு வந்தார். அடுத்த எட்டு ஆண்டுகள் தம்பி அண்ணனுக்கு எழுதிய கடிதங்களே இக்குடும்பத்தின் கதைக்கு இன்று முதன்மைச் சான்றுகள். இரு தாய் மக்களின் இந்தப் பாசம் இல்லையேல் கிட்டியின் பெற்றோரைப் பற்றி நமக்குத் தெரிவது மிகக் குறைவாகவே இருந்திருக்கும்.

ஜேம்ஸ் பணியாற்றிய நிசாம் அலி கான், திருவண்ணாமலை வட்டார மக்களுக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். 1767 செப்டம்பரில் ஐதர் அலியுடன் சேர்ந்து செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் கம்பெனிப் படையிடம் தோற்றவர் அவர்தாம். அடுத்த ஆண்டே அவர் கம்பெனியோடு உடன்படிக்கை செய்துகொண்டார். முப்பது ஆண்டுகள் கழித்து, அதே நிசாமின் பிரெஞ்சுப் படையணியை 1798-இல் ஆயுதம் களையச் செய்ததும், 1800-இல் துணைப்படை உடன்படிக்கையைச் செய்து முடித்ததும் ஜேம்ஸ் கிர்க்பாட்ரிக்கின் அலுவல் சாதனைகளாகக் கருதப்படுகின்றன. நிசாம் இவருக்கு "ஹஷ்மத் ஜங்" என்ற பட்டம் அளித்தார்.

பெற்றோரின் திருமணம்

கைருன்னிசா, நிசாமின் அரசில் உயர்பதவி வகித்த பாக்கர் அலி கானின் பேத்தி. பின்னாளில் திவானாக வந்த மீர் ஆலமின் உறவினர். வேறொருவருக்கு மணம் பேசப்பட்டிருந்த கைருன்னிசா, தம் குடும்பத் திருமணம் ஒன்றில் திரைக்குப் பின்னிருந்து ஜேம்சைக் கண்டதாகச் சொல்லப்படுகிறது. அதன்பின் அவரது தாய் சரஃபுன்னிசாவின் இசைவோடு இருவரும் நெருங்கினர். ஜேம்ஸ் இசுலாத்தைத் தழுவி, இரகசியமாக நிக்காஹ் செய்துகொண்டார். தம் அன்புக்குரிய அண்ணனிடம்கூட அவர் தொடக்கத்தில் முழு உண்மையைச் சொல்லவில்லை. மார்ச் 4, 1801 அன்று மகன் பிறந்தான். அவன் சாகிப் ஆலம் என்று அழைக்கப்பட்டான். அடுத்த ஆண்டு கிட்டி பிறந்தார்.

இத்திருமணம் தனிப்பட்ட செய்தியாக இருந்துவிடவில்லை. தலைமை ஆளுநர் வெல்லெசுலி பிரபு இதை அரசியல் ஆபத்தாகக் கருதினார். 1801-இல் சென்னையில், ஆளுநர் கிளைவ் பிரபுவின் (இராபர்ட் கிளைவின் மகன்) முன்னிலையில் ஐதராபாத்தை அறிந்த படை அதிகாரிகள் உறுதிமொழியின் பேரில் இரகசியமாக விசாரிக்கப்பட்டனர். ஜேம்ஸ் பதவி தப்பினார். ஒரு தலைமுறைக்கு முன் கம்பெனி அலுவலர்கள் இந்தியப் பெண்களுடன் வாழ்வதும் இந்திய உடை உடுத்துவதும் பெரிதாகப் பேசப்படாத செயல்கள். வெல்லெசுலியின் காலத்தில் அந்நிலை மாறிவிட்டது. கலப்புக் குழந்தைகளுக்குக் கம்பெனியின் உயர்பணிகள் ஏற்கெனவே மூடப்பட்டிருந்தன. ஆகவே நிறம் சற்று வெளுத்த குழந்தைகளை இளம் வயதிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பி ஆங்கிலேயராகவே வளர்ப்பது வசதியுள்ள தந்தையரின் வழக்கமாயிற்று. கிட்டியின் வாழ்வைத் தீர்மானித்தது இந்த வழக்கமே.

சென்னையும் கடற்பயணமும்

1805-இல் குழந்தைகள் ஐதராபாத்திலிருந்து சென்னைக்கு அழைத்து வரப்பட்டனர். ரெசிடென்சி மருத்துவரின் மனைவி திருமதி ஊர் அவர்களுக்குத் துணையாகச் சென்றார். அப்போது சென்னையில் இருந்த ஓவியர் ஜார்ஜ் சின்னரி இரு குழந்தைகளையும் ஐதராபாத் அரசவை உடையில் ஆளுயர ஓவியமாகத் தீட்டினார். சின்னரியின் இந்தியக் கால ஓவியங்களில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாக இது மதிப்பிடப்படுகிறது. தாயிடம் எஞ்சப்போவது இந்தப் படம் ஒன்றே என்பதை எண்ணிப் பார்த்தால் கலை மதிப்பைக் காட்டிலும் வேறொன்று கண்ணில் படும்.

1805 செப்டம்பரில் "லார்ட் ஆக்சுபரி" என்ற கப்பல் குழந்தைகளுடன் சென்னையை விட்டுப் புறப்பட்டது. ஒரு மாதம் சற்றே கடந்த நிலையில், அக்டோபர் 15 அன்று ஜேம்ஸ் கிர்க்பாட்ரிக் கல்கத்தாவில் நோயுற்று இறந்தார். அவருக்கு வயது 41. தந்தை இறந்ததைக் குழந்தைகள் கடலில் இருந்தபோது அறிய வழியில்லை.

மார்ச் 25, 1806 அன்று இலண்டன் மேரிலிபோன் புனித மேரி தேவாலயத்தில் இருவருக்கும் திருமுழுக்கு அளிக்கப்பட்டது. சாகிப் ஆலம் வில்லியம் ஜார்ஜ் ஆனான். சாகிப் பேகம் கேத்தரின் அரோரா ஆனாள். முந்தைய பெயர்கள் அத்தோடு வழக்கொழிந்தன.

தாயின் முடிவு

கைருன்னிசா 1806-இல் கணவரின் கல்லறையைக் காணக் கல்கத்தா சென்றார். அங்கு ஜேம்சின் உதவியாளராக இருந்த ஹென்றி ரசலுடன் அவருக்கு உறவு ஏற்பட்டது. அச்செய்தி அறிந்த மீர் ஆலம் அவர் ஐதராபாத்துக்குத் திரும்பத் தடை விதித்தார். ரசல் அவரை மசூலிப்பட்டினத்தில் விட்டுச் சென்று, 1808-இல் சென்னையில் வேறொரு பெண்ணை மணந்தார். மீர் ஆலம் இறந்த பின்னரே ஊர் திரும்ப முடிந்த கைருன்னிசா, 1813 செப்டம்பரில் காலமானார். முப்பது வயதைக்கூட அவர் எட்டியிருக்கவில்லை. கிட்டிக்கு அப்போது வயது பதினொன்று.

இங்கிலாந்தில் வளர்ப்பு

குழந்தைகள் கென்ட் பகுதியில் அழகுக் கர்னலின் பொறுப்பில் வளர்ந்தனர். இந்தியாவிலுள்ள தாய்க்கோ பாட்டிக்கோ எழுதுவதற்கு அவர்களுக்கு அனுமதி இல்லை. 1812-இல் வில்லியம் ஜார்ஜ் கொதிநீர்க் கொப்பரையில் விழுந்து படுகாயமுற்றார். பின்னர் திருமணம் செய்துகொண்டு மகள்களுக்குத் தந்தையான அவர் 1828-இல் இளம் வயதிலேயே இறந்தார். கிட்டியோடு ஐதராபாத் நினைவைப் பகிர்ந்துகொள்ள எஞ்சியிருந்த ஒரே உயிர் அவ்வாறு போயிற்று.

கர்னல் 1818-இல் இறந்தபின் கிட்டியைத் தாங்கியவர்கள் பெரியப்பா வில்லியமின் மகள்கள். கடற்படைத் தளபதி சர் ஜான் லூயிசை மணந்த கிளெமெண்டினா, சார்லசு புல்லரை மணந்த இசபெல்லா, எட்வர்டு ஸ்ட்ரேச்சியை மணந்த ஜூலியா ஆகியோரின் வீடுகளில் கிட்டி மாறி மாறி வாழ்ந்தார். கணக்குப் பார்த்தால் இவர்கள் பாதி இரத்த உறவினரே. தாத்தா ஒருவர், பாட்டிமார் வேறு. ஆனால் தந்தையரிடையே இருந்த பாசம் இவர்களிடமும் தொடர்ந்தது. குறிப்பாக ஜூலியாவும் கிட்டியும் உடன்பிறந்தவர்களைப் போலவே வாழ்ந்தனர். ஜூலியாவின் கணவர் எட்வர்டு ஸ்ட்ரேச்சி, 1801-இல் ஐதராபாத்துக்கே சென்று கிட்டியின் தந்தையைக் கண்டவர். (இத்தம்பதியரின் பேரன்தான் எழுத்தாளர் லிட்டன் ஸ்ட்ரேச்சி.) செல்வமும் உறவும் உள்ள இடத்தில் கலப்புப் பிறப்பை ஆங்கில மேல்குடி பெரிதுபடுத்தவில்லை என்பதைக் கிட்டியின் வாழ்வு காட்டுகிறது. ஆனால் அதே காலத்தில் தந்தையின் சொத்தோ பெயரோ கிடைக்காத எத்தனையோ கலப்புக் குழந்தைகள் இந்தியாவில் கைவிடப்பட்டனர் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

கார்லைலுடன் அறிமுகம்

இசபெல்லா புல்லரின் மகன்களுக்கு ஆசிரியராக இருந்தவர், கொத்தனாரின் மகனான இளைஞர் தாமசு கார்லைல். 1824-இல் இலண்டனில், சமயப் போதகர் எட்வர்டு இர்விங்கின் வீட்டில் அவர் கிட்டியைச் சந்தித்தார். அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் எட்வர்டு ஸ்ட்ரேச்சி, கிட்டி, கார்லைல் ஆகிய மூவரும் பாரிசுக்குச் சென்று வந்தனர். கிட்டியின் செம்பழுப்புக் கூந்தலும் கலகலப்பான இயல்பும் கார்லைலின் நினைவில் முதுமை வரை நின்றதை அவரது "ரெமினிசென்சசு" நூல் காட்டுகிறது. எனினும் அவர் 1826-இல் ஜேன் வெல்சை மணந்தார்.

கார்லைலின் "சார்ட்டர் ரெசார்ட்டசு" (1833-34) நூலில் வரும் புளூமின் என்ற பாத்திரம் கிட்டியே என்று ஸ்ட்ரேச்சி குடும்பத்தினர் நம்பினர். மார்கரெட் கார்டன் என்ற வேறொரு பெண்ணே அப்பாத்திரத்தின் மூலம் என்று கூறுவோரும் உண்டு. பல பெண்களின் சாயல் கலந்த பாத்திரம் என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

திருமணமும் பாட்டியின் கடிதங்களும்

கிட்டி நவம்பர் 21, 1829 அன்று ஏழாம் உசார் குதிரைப்படையின் கேப்டன் ஜேம்ஸ் வின்சுலோ பிலிப்சை மணந்தார். இவர்களுக்கு ஏழு குழந்தைகள் பிறந்தனர். மணவாழ்வு அமைதியாகவே சென்றது.

1841 அளவில் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. ஐதராபாத் ரெசிடென்சியில் பணியாற்றிய டங்கன் மால்கம் என்பவரின் வழியாக, தன் பாட்டி சரஃபுன்னிசா இன்னும் உயிருடன் இருப்பதைக் கிட்டி அறிந்தார். உடனே கடிதம் எழுதினார். பிரிந்த நாளின் நினைவு, தாயின் முகம், தாய் தன்னை நினைத்து அழுதாரா என்ற கேள்வி எனச் சுமார் முப்பத்தைந்து ஆண்டுகள் அடக்கி வைத்திருந்தவை அதில் இடம்பெற்றன. பாட்டி பாரசீகத்தில் சொல்லி எழுதுவித்த மறுமொழிகள் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டுக் கிட்டியை அடைந்தன. பேத்தி கேட்டுக்கொண்டதற்கு இணங்க, கைருன்னிசாவின் கூந்தல் கற்றை ஒன்றையும் பாட்டி அனுப்பி வைத்தார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. இடையில் மொழிபெயர்ப்பாளரும் பல மாதக் கடற்பயணமும் இருந்தன. ஆயினும் 1847-இல் சரஃபுன்னிசா இறக்கும் வரை கடிதத் தொடர்பு நீடித்தது. இருவரும் நேரில் சந்திக்கவே இல்லை.

சின்னரியின் ஓவியம் இதற்கிடையில் ஹென்றி ரசலிடம் சென்று சேர்ந்திருந்தது. 1811 முதல் 1820 வரை ஐதராபாத்தில் ரெசிடெண்டாக இருந்து பெரும் பொருளுடன் திரும்பிய அவர், பெர்க்சயரில் சுவாலோஃபீல்டு மாளிகையில் வாழ்ந்தார். அம்மாளிகைக்குச் சென்ற கிட்டி, சுவரில் தன்னையும் தன் அண்ணனையும் ஐதராபாத் உடையில் கண்டு கண்ணீர் விட்டார் என்று ஸ்ட்ரேச்சி குடும்பத்தவர் பின்னர் பதிவு செய்தனர். 1852-இல் இறந்த ரசல், அப்படத்தைக் கிட்டிக்கே உரித்தாக்கினார். தன் தாயைக் கைவிட்டவர் இவர்தாம் என்பதைக் கிட்டி அறிந்திருந்ததாகத் தெரியவில்லை.

கணவர் இறந்தபின் கிட்டி டெவன் மாவட்டத்துக் கடற்கரை ஊரான டார்க்கியில் வாழ்ந்து, 1889-இல் தம் 86-ஆம் வயதில் காலமானார். இவரது பெற்றோரின் திருமணம் பற்றிய முதல் விரிவான கட்டுரையை, ஜூலியாவின் மகன் சர் எட்வர்டு ஸ்ட்ரேச்சி 1893-இல் "பிளாக்வுட்சு மேகசின்" இதழில் வெளியிட்டார்.

நினைவிடங்கள்

சின்னரியின் ஓவியம் பின்னர் எச்.எசு.பி.சி. வங்கியின் ஆங்காங் தலைமையகத்துக்குச் சென்றது. கிட்டியின் தந்தை ஐதராபாத் கோட்டிப் பகுதியில் கட்டத் தொடங்கிய ரெசிடென்சி மாளிகையில் 1949 முதல் பெண்கள் கல்லூரி இயங்கி வந்தது. 2022-இல் அக்கல்லூரி மகளிர் பல்கலைக்கழகமாக உயர்த்தப்பட்டது. நெடுங்காலம் சிதைந்து கிடந்த மாளிகை, புதுப்பிக்கப்பட்டு 2023-இல் மீண்டும் திறக்கப்பட்டது. திரைக்குள் வாழ்ந்த கைருன்னிசா அம்மாளிகையின் முன்புறத்தைச் சுற்றிப் பார்க்க இயலாது என்பதால் ஜேம்ஸ் அவருக்காகச் சிறிய மாதிரி மாளிகை ஒன்றை அந்தப்புரத் தோட்டத்தில் கட்டினார் என்பது ஐதராபாத் வழக்கு. அம்மாதிரியின் எச்சங்கள் வளாகத்தில் உள்ளன.