அகதிகளின் காவலர் அரிஸ்டிடஸ் மென்டஸ்

போர்த்துக்கல் நாட்டின் கபானாஸ் தெ விரியாத்து என்னும் சிற்றூரில், பக்தியுள்ள கத்தோலிக்கக் குடும்பத்தில், 1885 ஜூலை 19-ஆம் நாள் இரட்டையரில் ஒருவராகப் பிறந்தவர் அரிஸ்டிடஸ் தெ சூசா மென்டஸ். கொயிம்பிராவில் சட்டம் பயின்று, அரசுத் தூதராகிப் பல நாடுகளில் பணியாற்றினார். மனைவி ஏஞ்சலினா அம்மையார் பெற்ற மக்கள் 14 பேர். பிள்ளைகள் நிறைந்த வீட்டின் செலவை நம் பங்குக் குடும்பத் தலைவர்களுக்குச் சொல்லவா வேண்டும்!

1938 முதல் பிரான்சு நாட்டுப் போர்தோ நகரில் தூதராயிருந்தார். 1939 நவம்பரில் சலசார் அரசு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. நாடற்றோருக்கும், துரத்தப்பட்ட யூதருக்கும் லிஸ்பனின் முன் அனுமதியின்றி விசா தரலாகாது என்பது கட்டளை.

1940 ஜூனில் பாரீஸ் வீழ்ந்தது. ஜெர்மானியப் படைக்கு அஞ்சிய மக்கள் தெற்கே ஓடி வந்தனர். ஸ்பெயினைக் கடந்து லிஸ்பனை அடைந்தால் அமெரிக்காவுக்கோ பிரேசிலுக்கோ கப்பலேறலாம். அதற்குப் போர்த்துக்கல் விசா வேண்டும். தூதரக வாசலெங்கும் கைக்குழந்தைகளோடு கூட்டம். அவர்களுள் ஹாயிம் குரூகர் என்ற யூத குருவைக் குடும்பத்தோடு தம் வீட்டில் தங்கவைத்த மென்டஸ், அவர்களுக்கு விசா தர முன்வந்தார். தம் மக்கள் தெருவில் நிற்க, தாம் மட்டும் போக அந்தக் குரு இசையவில்லை.

மென்டஸ் படுக்கையில் விழுந்தார். ஏறத்தாழ மூன்று நாள் மனப்போராட்டம். ஒருபுறம் அரசாணை, உத்தியோகம், பிள்ளைகளின் சோறு. மறுபுறம் கிறிஸ்தவ மனச்சாட்சி. ஜூன் 17-ல் எழுந்தவர், இனமும் மதமும் பாராமல், கட்டணமும் வாங்காமல், கேட்போர் அனைவருக்கும் விசா தருவதாக அறிவித்தார். குரூகர் பாஸ்போர்ட்டுகளைச் சேகரித்துக் கொடுக்க, இவர் ஓயாது ஒப்பமிட்டார். நேரம் போதாமல், நீண்ட பெயரைச் சுருக்கி மென்டஸ் என்று மட்டும் எழுதினாராம். பயோன் நகருக்கும் எல்லையூருக்கும் சென்றும் வழங்கினார். ஆயிரக்கணக்கானோர் தப்பினர்.

அரசு அவரைத் திருப்பியழைத்து விசாரித்துக் கட்டாய ஓய்வில் அனுப்பியது. வருவாய் குன்றிக் கடன் ஏறியது. லிஸ்பனில் யூத அகதிகளுக்கென நடந்த உணவுச் சாலையில் அவர் குடும்பமும் உண்ண நேர்ந்தது. அவர் குறையற்றவர் அல்லர். இல்லற நெறியில் தவறியதும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. 1948-ல் ஏஞ்சலினா அம்மையார் காலமானார். 1954 ஏப்ரல் 3-ல் பிரான்சிஸ்கன் சபையாரின் மருத்துவமனையில் மென்டஸ் ஏழையாய் உயிர் நீத்தார். அச்சபையின் அங்கியே அவருக்கு அடக்க உடையாயிற்று. பிள்ளைகளில் பலர் பிழைப்புத் தேடி, தந்தை பிறரை அனுப்பி வைத்த தொலைதூர நாடுகளுக்கே போயிருந்தனர்.

1966-ல் இஸ்ரேல் அவரைச் சிறப்பித்தது. சொந்த நாட்டுப் பாராளுமன்றம் குற்றச்சாட்டை நீக்க 1988 வரை ஆயிற்று. கடனில் கைவிட்டுப் போன பூர்வீக இல்லம் 2024-ல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.