சொல் தவறாத டேவிட் மார்ஷல்

சிங்கப்பூரின் வாட்டர்லூ சாலையில் ஸ்ரீ கிருஷ்ணன் கோயில் இருக்கின்றது. அதன் அருகிலேயே சீனர்கள் வழிபடும் குவான் இம் கோயிலும் இருக்கின்றது. அதே சாலையில் சற்றுத் தொலைவில், 1878ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட யூதர்களின் தொழுகைக் கூடத்தையும் நாம் காணலாம்.

யூதர்கள் பழம்பெரும் இனத்தினர். ஒரே கடவுளை வணங்குபவர்கள். சனிக்கிழமையைப் புனித ஓய்வுநாளாகப் போற்றுபவர்கள். பல நூற்றாண்டுகளாக உலகின் பல நாடுகளிலும் சிதறி வாழ்ந்தவர்கள். அவர்களுள் சிலர் ஈராக்கின் பாக்தாத் நகரிலிருந்து இந்தியா வழியாக வணிகம் செய்ய வந்து, சிங்கப்பூரில் குடியேறினர். அச்சிறு சமூகத்தில் தோன்றி, சிங்கப்பூரின் முதல் முதலமைச்சராக உயர்ந்த டேவிட் மார்ஷலின் வாழ்க்கையை நாம் இங்குக் காண்போம்.

இளமை

டேவிட் மார்ஷல் 1908ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் சிங்கப்பூரில் பிறந்தார். மஷால் என்னும் குடும்பப் பெயரே பின்னர் மார்ஷல் என்றாயிற்று. வீட்டில் முன்னோரின் சமய ஒழுக்கங்கள் கண்டிப்பாகப் பின்பற்றப்பட்டன. பள்ளியிலோ, யூதன் என்று சொல்லி அவரை ஏளனம் செய்தோர் இருந்தனர். அதைப் பொறுக்க மாட்டாமல் சிறுவயதில் அவர் கைகலப்பில் இறங்கியதும் உண்டு. வளர்ந்த பின்னரோ, சொல்லையே தமக்குரிய படைக்கலமாகக் கொண்டார்.

மருத்துவராக வேண்டும் என்பது அவரது ஆசை. ஆயினும் இளமையில் தாக்கிய நோய் படிப்புக்குத் தடையாயிற்று. பிழைப்புக்காகப் பல வேலைகள் பார்த்தார். பின்னர் இலண்டன் சென்று சட்டம் பயின்று, 1937ஆம் ஆண்டில் வழக்கறிஞரானார்.

போர்க்கைதி

இரண்டாம் உலகப் போரின்போது மார்ஷல் தொண்டூழியப் படையில் சேர்ந்திருந்தார். 1942ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. போர்க்கைதியான அவர் முதலில் சாங்கியிலும், பின்னர் பனி கொட்டும் ஜப்பானின் ஹொக்கைடோ தீவிலும் அடைபட்டுக் கடும் உழைப்புக்கு ஆளானார்.

போர் முடிந்து அவர் திரும்பியபோது, சிங்கப்பூர் யூதர்கள் நலிந்து கிடந்தனர். ஜப்பானியர் அவர்களையும் முகாம்களில் அடைத்து வைத்திருந்தனர். நலிந்தோரைத் தாங்க 1946ஆம் ஆண்டில் யூதர் நல வாரியம் அமைக்கப்பட்டது. அதன் முதல் தலைவராகப் பொறுப்பேற்றவர் மார்ஷலே. தம் சமூகத்துக்குச் செய்த இத்தொண்டே அவரது பொதுவாழ்வுக்கு முதற்படியாக அமைந்தது எனலாம்.

மாடிப்படியின் கீழ் அலுவலகம்

1955ஆம் ஆண்டு ஏப்ரலில் நடந்த தேர்தலில் அவர் தலைமையேற்ற தொழிலாளர் முன்னணி, 25 இடங்களுள் 10 இடங்களை வென்றது. மார்ஷல் முதலமைச்சரானார். சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் பெருந்தொகையினராக வாழும் ஊரில், தம் இனத்தாரின் வாக்குகளை மட்டும் நம்பி ஒரு தொகுதியைக்கூட அவரால் வென்றிருக்க முடியாது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆட்சி அதிகாரம் அன்று பிரிட்டிஷ் கவர்னரிடமே இருந்தது. முதலமைச்சருக்கென்று ஓர் அலுவலகம்கூட ஒதுக்கப்படவில்லை. மரத்தடியில் மேசை போட்டு அமர்ந்து வேலை பார்ப்பேன் என்று மார்ஷல் எச்சரித்தார். அதன் பிறகே மாடிப்படியின் கீழ் ஒரு சிறு அறை கிடைத்தது. ஏழை எளியோர் தங்கள் குறைகளை நேரில் வந்து சொல்வதற்கு மக்கள் சந்திப்பு நேரத்தையும் அவர் ஏற்படுத்தினார். அவ்வழக்கம் இன்றளவும் சிங்கப்பூரில் நிலைத்து நிற்கின்றது.

அதே ஆண்டு டிசம்பரில், கெடா மாநிலத்தின் பாலிங் நகரில் அமைதிப் பேச்சு நடைபெற்றது. கம்யூனிஸ்டுத் தலைவர் சின் பெங்குடன் துங்கு அப்துல் ரகுமான் பேசியபோது, மார்ஷலும் உடனிருந்தார்.

தமிழுக்கும் சம இடம்

சீனப் பள்ளிகளில் அமைதி குலைந்திருந்த காலம் அது. அதனை ஆராய மார்ஷலின் ஆட்சியில் அனைத்துக் கட்சிக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிக் கல்வியும் சமமாக நடத்தப்பட வேண்டும் என்று 1956ஆம் ஆண்டில் அக்குழு பரிந்துரைத்தது. சட்டமன்றத்தில் இந்நான்கு மொழிகளிலும் பேச இடமளிக்கும் தீர்மானத்தை அவ்வாண்டிலேயே மார்ஷல் கொண்டுவந்தார், அது நிறைவேறிற்று.

இந்நான்கனுள் அவருடைய முன்னோர் வழிபட்ட எபிரேய மொழி இல்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். தம் மொழியைப் போற்றும் இல்லத்தில் வளர்ந்தவருக்குப் பிறர் மொழியின் அருமை தெரிந்திருந்தது.

சொன்ன சொல்

சிங்கப்பூருக்குத் தன்னாட்சி பெற்று வருவேன். இல்லையேல் பதவி விலகுவேன் என்று மார்ஷல் மக்களுக்கு வாக்களித்தார். 160,000க்கும் மேற்பட்டோர் விடுதலை கோரிக் கையொப்பமிட்டனர். 1956ஆம் ஆண்டு அனைத்துக் கட்சிக் குழுவுடன் அவர் இலண்டன் சென்றார். உள்நாட்டுப் பாதுகாப்பில் இறுதி அதிகாரம் யாருக்கு என்னும் கேள்வியில் பேச்சு முறிந்தது. வெறுங்கையுடன் திரும்பிய மார்ஷல், ஜூன் 7ஆம் நாள் பதவியைத் துறந்தார். அவர் ஆட்சி செய்தது பதினான்கு மாதங்களே.

பதவி போயிற்று, தொண்டு நிற்கவில்லை. அதே ஆண்டு அவர் சீனா சென்றார். ருஷ்யாவிலிருந்து வந்து ஷாங்காயில் வாழ்ந்த யூதர்கள், நாட்டை விட்டு வெளியேற அனுமதியின்றித் தவித்துக் கொண்டிருந்தனர். சீனப் பிரதமர் சூ என்லாயிடம் மார்ஷல் அவர்களுக்காகப் பரிந்து பேசினார். வெளியேறும் வழியும் பிறந்தது.

1957ஆம் ஆண்டில் பாட்டாளிக் கட்சியைத் தோற்றுவித்தார். 1961ஆம் ஆண்டு ஆன்சன் இடைத்தேர்தலில் வென்றார். 1963ஆம் ஆண்டில் தோல்வியுற்றார். பின்னர் வழக்கறிஞர் தொழிலிலேயே சிறந்து விளங்கினார். 1978 முதல் 1993 வரை பிரான்சு நாட்டில் சிங்கப்பூரின் தூதராகப் பணியாற்றினார். 1995ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள், தமது 87ஆம் வயதில் மறைந்தார்.

நாம் பெறும் படிப்பினை

மாணவ மணிகளே! தம் இனத்தின் பெயரைச் சொல்லி ஏளனம் செய்தவர்கள் முன் மார்ஷல் அப்பெயரை மறைக்கவில்லை. தம்மவருக்கு நல வாரியம் கண்ட அதே கைகளால் நான்கு மொழிகளுக்கும் கதவைத் திறந்துவிட்டார். தோட்டத்துப் பிள்ளைகள் என்றும், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் என்றும் எவரேனும் நம்மை இளக்காரமாக நோக்கினால், நாம் தலைகுனிய வேண்டியதில்லை. நம் மொழியையும் பண்பாட்டையும் போற்றுவோம். பக்கத்து வீட்டாரின் மொழியையும் மதிப்போம்.

பெற்றோர்களே! பதவியைவிடக் கொடுத்த வாக்கு பெரிது என்பதை அப்பெரியாரின் வாழ்க்கை காட்டுகின்றது. இதனை நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வோமாக!